வேக அபராதம்: ஒரே தொகையா, சம்பளத்துக்கு ஏற்றதா?

பிரிட்டனில் வேகக் கேமராவில் சிக்கினால் வழக்கமாக 100 பவுண்டு அபராதம், ஓட்டுநர் உரிமத்தில் 3 தண்டனைப் புள்ளிகள். தினக்கூலிக்காரருக்கும் கோடீஸ்வரருக்கும் அதே தொகைதான். வேலை சீக்கிரம் முடியும், வாதத்துக்கு இடமில்லை.

பின்லாந்தின் வழி வேறு. 1921 முதலே அங்கே 'நாள் அபராதம்' உண்டு. குற்றத்தின் அளவைப் பொறுத்து எத்தனை நாள் என்று முடிவாகும், வருமானத்தைப் பொறுத்து ஒரு நாளின் விலை முடிவாகும். வரி போக மாதம் 3,255 யூரோ கையில் வருகிறது என்று வைப்போம். அதில் 255 கழித்து, மீதியை 60 ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 50 யூரோ. 12 நாள் என்றால் 600. பத்து மடங்கு சம்பாதிப்பவர் அதே தப்புக்கு 6,000-க்கு மேல் கட்டவேண்டும்.

நோக்கியா நிர்வாகி ஆன்சி வான்யோக்கி 50 கிலோமீட்டர் வேக எல்லையில் 75-இல் மோட்டார் சைக்கிள் ஓட்டியதற்கு 2002-இல் 1,16,000 யூரோ விதித்தார்கள். வருமானம் குறைந்துவிட்டதென்று அவர் முறையிட, தொகை பெரிதும் குறைந்தது. இந்த முறையின் பலவீனமும் அதுதான்: வருமானக் கணக்கு பழசாக இருந்தால் அபராதமும் தப்பாகிவிடும்.

ஆனாலும் என் ஓட்டு பின்லாந்துக்கே. வலிக்காத அபராதம் பணக்காரருக்கு வெறும் கட்டணம். அதேசமயம் எல்லையைச் சற்றே தாண்டியவர்களிடம் பின்லாந்தும் ஒரே தொகையைத்தான் வாங்குகிறது. சின்னத் தப்புக்குச் சம்பளக் கணக்கைப் புரட்டத் தேவையில்லை, அதுவும் சரிதான்.