நோய்க்காலச் சம்பளமா, ஊனமுற்றோர் இழப்பீடா?

வேலூர், குடியாத்தம் பக்கத்துக் கப்பல் ஊழியர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுண்டு.

கப்பலில் நோய்வாய்ப்பட்டால் ஊர் திரும்பும்வரை முழுச் சம்பளம். அதன்பின் குணமாகும்வரை முழுச் சம்பளமோ அதில் ஒரு பகுதியோ. ஆனால் நாட்டுச் சட்டம் இதை 16 வாரமாகக் குறைக்கலாம். கணக்கு, நோய் தொடங்கிய நாளிலிருந்து. கப்பல் தொழிலாளர் உடன்படிக்கை (2006) சொல்வது இது. இந்தியா 2015-இல் ஏற்றது. இறங்கும்போது காரணம் 'மருத்துவம்' என்று பதிவாகியிருக்க வேண்டும். 'ஒப்பந்தம் முடிந்தது' என்றிருந்தால் பிறகு இழுபறிதான். நேரே வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு ஓடுமுன் கம்பெனிக்கு மின்னஞ்சலில் தகவல் சொல்லி, ரசீதுகளை நகலெடுத்து வையுங்கள். வேலைக்குச் சேரும்போது நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் சர்க்கரை நோயை வேண்டுமென்றே மறைத்திருந்தால் கைவிரிக்கக் கம்பெனிக்கு வழியுண்டு.

இழப்பீடு வேறு கதை. நீண்டகால ஊனத்துக்கானது. தொகையை ஒப்பந்த அட்டவணை தீர்மானிக்கும். அது முடிவாகத் தாமதமானால் இடைக்காலத் தொகை கேட்கலாம். குறைத்து வாங்கிக்கொள்ளச் சொல்லி நெருக்குவதற்குத் தடை உண்டு. எனவே 'முழுத் தீர்வு' என்ற தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்து வேண்டாம். கம்பெனி நொடித்தாலும் காப்புறுதியாளரிடமே நேரடியாகக் கேட்கலாம். அவர் பெயர் கப்பலில் ஒட்டியுள்ள சான்றிதழில் இருக்கும். ஏறிய அன்றே படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.