லைனுக்கு மேலே பாயிண்ட் டிவி: வாங்கலாமா?

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஆந்திராவில் உள்ள தொழிற்பேட்டையான ஸ்ரீசிட்டியில், வண்டிகளுக்கு வயரிங் ஹார்னஸ் (மின்வயர் கட்டு) செய்யும் கம்பெனியில் லைன் லீடராக, அதாவது ஓர் உற்பத்தி வரிசைக்குப் பொறுப்பாளாக, இருக்கிறேன். என் லைனில் பாதிப் பேர் ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி பக்கத்துத் தமிழ்ப் பெண்கள். மீதிப் பேர் சூலூர்பேட்டை, சத்தியவேடு பக்கம். வேலையை விளையாட்டு மாதிரி ஆக்குகிறோம் என்று ஒரு ஆப்பை நிர்வாகம் வாங்கிப் போட்டது. லைனுக்கு மேலே பெரிய டிவி, ஆளுக்கொரு க்யூஆர் கார்டு, முடித்த பீஸுக்குப் பாயிண்ட், அப்புறம் பேட்ஜ், ரேங்க். மாதத்தில் முதலிடம் வந்தால் பிரஷர் குக்கர். ஆப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எத்தனை பீஸ் முடிந்தது என்பது முன்பு ஷிப்ட் முடியும்போது நான் போர்டில் எழுதினால்தான் தெரியும். இப்போது கண்ணெதிரே ஓடுகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் எல்லோருக்கும் கண் சொக்கும் நேரத்தில் அந்த எண் நிஜமாகவே உசுப்புகிறது. திரை தமிழிலும் தெலுங்கிலும் வருகிறது. கைசன் யோசனைகளை, அதாவது வேலையைச் சிறிது சிறிதாக மேம்படுத்தும் யோசனைகளை, போட்டோ எடுத்துப் போட்டால் பாயிண்ட் கிடைக்கும் என்பதும் அருமை. டேப் ரோலைக் கைக்கு எட்டுகிற மாதிரி கம்பியில் தொங்கவிடலாம் என்ற யோசனையைப் போட்டது, மீட்டிங்கில் வாயே திறக்காத ஒரு பெண்.

கோளாறு தனி ஆள் ரேங்கில்தான். எங்கள் வேலையில் டெர்மினலை (வயர் நுனியில் உள்ள உலோக முனை) கனெக்டரில் (அது உட்காரும் பிளாஸ்டிக் கூடு) தள்ள வேண்டும், ‘க்ளிக்’ சத்தம் கேட்க வேண்டும், பிறகு லேசாகப் பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். ரேங்க் வந்ததும் முதலில் காணாமல் போனது அந்த இழுப்பு. அரைகுறையாக உட்கார்ந்த டெர்மினலும், மின்சாரம் போகிறதா என்று பார்க்கும் செக்கர் போர்டில் பச்சை விளக்கு காட்டிவிடும். வண்டி ஓடி அதிர்ந்த பிறகுதான் கழன்று வரும். அங்கே யார் பாயிண்டைக் குறைப்பது?

இன்னொன்று, புதுசாக வருகிறவர்களுக்கு யாரும் கை பிடித்துச் சொல்லித்தரவில்லை. என் லைனிலேயே கைதேர்ந்த பெண்ணிடம் ஏன் என்று கேட்டேன். “நேர்ப்பிஸ்தே நா பாயிண்ட்ஸ் போத்தாயி அக்கா” என்றாள் தெலுங்கில். சொல்லிக்கொடுத்தால் என் பாயிண்ட் போய்விடும் அக்கா என்று அர்த்தம். அவள் சொன்னது சரிதான். சொல்லிக்கொடுக்கும் நேரத்துக்கு அப்போது ஆப்பில் மதிப்பே இல்லை.

ஆப் விற்க வந்தவர் இதைப் புது கண்டுபிடிப்பு போலப் பேசினார். இருநூறு வருஷத்துக்கு முன்பே ஸ்காட்லாந்தின் நியூ லனார்க் பஞ்சாலையில் ராபர்ட் ஓவன் ஆளுக்கொரு மரக்கட்டை தொங்கவிட்டார். அதற்குக் கருப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை என நான்கு பக்கம். நேற்று எப்படி நடந்துகொண்டார்களோ அந்த நிறத்தை இன்று முன்னால் திருப்பி வைப்பார்கள். 2011-ல் அமெரிக்காவில் டிஸ்னிலேண்ட் ஓட்டல்களின் சலவைக்கூடத்தில் ஒவ்வொருவர் வேகத்தையும் திரையில் காட்டினார்கள். அங்கே வேலை செய்தவர்கள் அதற்கு வைத்த பெயர் ‘எலக்ட்ரானிக் சாட்டை’. கடைசி இடத்தில் தன் பெயரைப் பார்த்துவிட்டு டாய்லெட்டில் அழுத பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். சாட்டை என்ற அந்தப் பெயர் எனக்குப் பொருத்தமாகத்தான் படுகிறது.

நச்சரித்துச் சில மாற்றங்கள் வாங்கினோம். டிவியில் இப்போது தனி ஆள் பெயர் வராது, லைன் கணக்கு மட்டும்தான். ரீவொர்க் (திருத்த வேலை) இல்லாமல் முதல் தடவையே பாஸ் ஆன பீஸுக்குத்தான் பாயிண்ட். புது ஆளைத் தேற்றிவிட்டால் தனிப் பாயிண்ட். குக்கருக்குப் பதில் லைன் முழுக்கக் கேன்டீனில் பிரியாணி. இதன் பிறகு அந்த இழுப்பு திரும்ப வந்தது. இந்த வசதிகள் எல்லாம் ஆப்பின் செட்டிங்கிலேயே முதலிலிருந்து இருந்தவைதான். ஆப்பை நிறுவித் தந்தவர்கள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

சர்வீஸ் சுமார். வைஃபை போனால் ஸ்கேன் செய்த கணக்கு தொலைகிறது. போன் செய்தால் டிக்கெட் நம்பர் உடனே வரும், ஆள் வர நாளாகும்.

வாங்குவதாக இருந்தால் டெமோவிலேயே தனி ஆள் ரேங்கை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். லீவு போடாமல் தொடர்ந்து வருவதற்கான பேட்ஜையும் சேர்த்துத்தான். ஒரு நாள் லீவு போட்டால் அது பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். அதற்குப் பயந்து காய்ச்சலோடு கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். அதை நீக்கச் சொல்லிக் கேட்டால், அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம் என்கிறார்கள்.