வுல்ஃப் பார்க், இந்தியானா: ஓநாய் பார்க்கப் போகும்போது ஒரு நோட்டும் எடுத்துப் போங்கள்

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம்" என்று எங்கள் அம்மாச்சி அடிக்கடி சொல்வார். தேனிப் பக்கம் நரி பார்த்திருக்கிறேன். ஓநாயைப் பழமொழியில் மட்டும்தான் தெரியும். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்து லஃபாயெட்டுக்குக் குடிவந்த பிறகுதான் முதல் ஓநாயை நேரில் பார்த்தேன். பார்த்த இடம் வுல்ஃப் பார்க் என்ற ஓநாய்ப் பூங்கா. அங்கே இதுவரை ஐந்து முறை போய்விட்டோம், நான், கணவர், ஒன்பது வயது மகன். இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலரும் "அங்கே என்ன இருக்கு?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

பேட்டில் கிரவுண்ட் என்ற சின்ன ஊரில் இருக்கிறது. பர்டூ பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் கிளிங்ஹாமர் 1972இல் தொடங்கியது. விலங்குகளின் நடத்தையை ஆராய்வதுதான் அவருடைய துறை. அதனால் இதைச் சாதாரண மிருகக்காட்சி சாலை என்று நினைத்துப் போகாதீர்கள். ஓநாய், கயோட்டி (ஓநாய்க்குச் சின்ன உறவு), நரி, பைசன் (அமெரிக்கக் காட்டெருமை), அவ்வளவுதான். ஒட்டகச்சிவிங்கியும் யானையும் எதிர்பார்க்கிற குழந்தை அரை மணியில் வீட்டுக்குக் கிளம்பச் சொல்லும்.

என் மகன் முதல் நாளே வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, ஒரு ஓநாயைப் பார்த்து, "அது கோபமா இருக்கு" என்றான். பக்கத்தில் இருந்த வழிகாட்டிப் பெண் அவனைத் திருத்தவில்லை. "எதைப் பார்த்து அப்படிச் சொல்ற?" என்று மட்டும் கேட்டார். அவன் மறுபடி பார்த்தான். வால் நேராகத் தூக்கியிருக்கிறது. காது முன்பக்கம். உதடு சுருங்கவில்லை, பல் தெரியவில்லை. பார்வை எங்களுக்குப் பின்னால் எங்கோ இருந்தது. திரும்பிப் பார்த்தால் தொலைவில் ஒருவர் வாளியோடு நடந்து வருகிறார். கோபமே இல்லை, சாப்பாடு வருகிறதா என்ற கவனம்!

இந்த ஒரு கேள்விக்காகவே ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். ஓநாய் செய்யும் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு பெயர் வைத்து, அது எப்படி இருக்கும் என்று மட்டும் எழுதிய பட்டியல் ஒன்றை இங்கே உருவாக்கியிருக்கிறார்கள். எத்தோகிராம் என்பார்கள். "பயப்படுகிறது", "பாசம் காட்டுகிறது" என்று எழுதினால் அது நம் கணிப்பு. "வாலைப் பின்னங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, உடம்பைத் தாழ்த்துகிறது" என்றால் யார் பார்த்தாலும் ஒத்துக்கொள்ளக்கூடிய செய்தி. அன்றிலிருந்து நாங்களும் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம்.

அதில் எனக்குப் பிடித்த பக்கம் போன அக்டோபரில் எழுதியது. வயதான ஒரு சாம்பல் ஓநாய் புல்லில் எதையோ மோந்தது. அப்புறம் கன்னத்தைத் தரையில் வைத்துத் தேய்த்தது, பின்பு தோள், பின்பு முதுகு முழுக்க. எழுந்து உதறிவிட்டு நடந்தது. சின்னது ஒன்று ஓடி வந்து அதன் கழுத்து ரோமத்துக்குள் மூக்கை விட்டு நெடுநேரம் மோந்தது. அதற்கப்புறம் குனிந்து வந்து, கிழட்டு ஓநாயின் வாயோரத்தை நக்கியது. குட்டிகள் பெரியவற்றின் வாயை நக்கினால் அவை தின்றதைக் கக்கிக் கொடுக்கும். வளர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் ஒரு பணிவாக மிஞ்சிவிடுகிறது என்று வழிகாட்டி சொன்னார். எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம். நாற்பது நிமிடம் பொறுமையாக நின்றதற்குக் கிடைத்தது.

'ஆல்ஃபா', அதாவது மற்றவற்றை அடக்கித் தலைவனாகும் ஓநாய் என்ற கருத்தைப் பற்றியும் தெளிவாகப் பேசுகிறார்கள். ருடால்ஃப் ஷென்கெல் என்ற ஆய்வாளர் சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சி சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து 1947இல் எழுதியதிலிருந்துதான் அந்தக் கருத்து பரவியது. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று ஒரு குடும்பம். பிள்ளைகள் வளர்ந்தால் தனியாகப் பிரிந்து போய்விடும். வேலிக்குள் போக இடமில்லை என்றால் உரசல் கூடத்தானே செய்யும்? டேவிட் மீச் என்ற ஓநாய் ஆய்வாளர் 1999இல் இதை விளக்கி எழுதினார். வேலிக்குள் ஓநாய்களை வைத்திருக்கும் ஒரு இடமே, "வேலிக்குள் பார்ப்பதை வைத்துக் காட்டைப் பற்றி முடிவு கட்டாதீர்கள்" என்று வருகிறவர்களிடம் சொல்வது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

குட்டிகளைக் கண் திறக்கும் வயதிலேயே தாயிடமிருந்து எடுத்து மனிதர்கள் வளர்ப்பார்கள் என்று கேட்டபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. மனிதரைக் கண்டு ஒவ்வொரு நாளும் மிரண்டு ஓடும் ஓநாய்க்கு வேலிக்குள் வாழ்க்கை இன்னும் கொடுமை, பழகிய ஓநாய்க்கு மருத்துவம் பார்ப்பதும் எளிது என்கிறார்கள். நான் பார்த்த வரை இங்கே ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருக்கும் விலங்கு இல்லை. வேறொரு ஊரில் சிமெண்ட் தரையில் ஒரு நரி அப்படி எட்டு போட்டு நடந்ததைப் பார்த்துப் பாதியில் திரும்பியிருக்கிறேன். அதனால் இவர்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன், முழு நிம்மதியோடு இல்லை.

நரிகளைத் தவறவிடாதீர்கள். சாம்பல் நரி மரம் ஏறும்!

ஓநாய் ஊளையைக் கேட்க மாலையில் நடக்கும் 'ஹவுல் நைட்'டுக்கு ஒரு முறையாவது போக வேண்டும். ஒரு ஓநாய் தொடங்கியதும் மற்றவை சேர்ந்துகொள்கின்றன. ஒன்றின் சுருதியில் இன்னொன்று நிற்பதில்லை, ஒவ்வொன்றும் ஏறி இறங்கி விலகிப் போகிறது. அதனால் நாலு ஓநாய் ஊளையிட்டாலும் ஒரு பெரிய கூட்டம் மாதிரிக் கேட்கும். எனக்குக் கை சிலிர்த்துவிட்டது. அம்மாச்சிக்கு போனில் பதிவு செய்து அனுப்பினேன். "இது அழுகை இல்லடி, யாரையோ கூப்பிடுது" என்றார். கூட்டத்திலிருந்து விலகிப்போன ஒன்றை அழைக்கவும் ஓநாய்கள் ஊளையிடும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

பர்டூவிலிருந்து காரில் இருபது நிமிடம் போதும். திறக்கும் நாளும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும், அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கோடை மதியத்தில் ஓநாய்கள் நிழலில் படுத்துத் தூங்கும், எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது. ஜனவரி, பிப்ரவரி இணை சேரும் காலம், அப்போதுதான் ஒன்றையொன்று அதிகம் கவனிக்கின்றன. குளிர் எலும்பு வரை போகும். கையுறை, ஃபிளாஸ்கில் காபி, அப்புறம் பென்சில். அந்தக் குளிரில் எங்கள் பேனா எழுதவில்லை.