வீட்டில் அடிதடி நடக்கும்போது 1098: எங்கே உதவும், எங்கே உதவாது

"அடி விழுவது அம்மாவுக்குத்தான், என்மேல் கை வைக்கவில்லை. நான் கூப்பிடலாமா?" குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098ஐத் தெரிந்த பிள்ளைகள்கூடத் தயங்குவது இந்தக் கேள்வியில்தான். கூப்பிடலாம். 18 வயதுக்குள் இருந்தால் போதும். 24 மணி நேரமும் இயங்கும். ரீசார்ஜ் தீர்ந்திருந்தாலும் பரவாயில்லை, கட்டணம் கிடையாது. 1996இல் மும்பையில் தொடங்கிய இந்தச் சேவை, 2023 முதல் நேரடியாக அரசின் பொறுப்பில் நடக்கிறது. அப்போதே 112 என்ற அவசர உதவி எண்ணுடனும் இணைத்துவிட்டார்கள்.

ஆனால் அடி விழுந்துகொண்டிருக்கும் நிமிடத்துக்கு ஏற்ற எண் 1098 அல்ல, 112தான். அவசர அழைப்பு என்றால் 1098இலிருந்தும் அங்கேதான் தள்ளிவிடுவார்கள். நடுவில் ஒரு கை மாறுவது வீண். குறுக்கே பாய்ந்து தடுக்க வேண்டாம். தம்பி தங்கையைக் கூட்டிக்கொண்டு வெளியே போக வழியுள்ள இடத்துக்கு நகருங்கள். சமையலறை வேண்டாம், அங்கே கத்தி இருக்கும். குளியலறையும் வேண்டாம், ஒரே கதவு. பேச்சை ஊர், தெரு, அடையாளம் என்று முகவரியில் தொடங்குங்கள். அழைப்பு பாதியில் அறுந்தாலும் அது போய்ச் சேர்ந்திருக்கும்.

சண்டை ஓய்ந்த மறுநாள்தான் 1098இன் நேரம். யார் அடிக்கிறார், எத்தனை நாளாக, குடி உண்டா, ஆயுதம் எடுத்தாரா, வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா என்பதைச் சொன்னால் மாவட்ட அளவிலான குழுவுக்குத் தகவல் போகும். "வீட்டில் பிரச்சினை" என்று மட்டும் சொன்னால் வெறும் ஆறுதலோடு அழைப்பு முடிந்துவிடலாம்.

பலரும் கோட்டைவிடுவது திரும்ப வரும் அழைப்பில். அந்த நேரம் போன் அப்பா கையில் இருந்தால் கதை முடிந்தது. அதனால் "இந்த எண்ணுக்குக் கூப்பிடாதீர்கள், நானே பேசுகிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பேசி முடித்ததும் கால் லிஸ்டிலிருந்து எண்ணை அழியுங்கள். நம்பகமான டீச்சரின் போனிலிருந்து பேசினால் இன்னும் நல்லது.

அடுத்த பயம், "குழந்தைகள் இல்லத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்களோ?" 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி இல்லம் என்பது கடைசி வழி. பிள்ளையை எங்கே, யாரிடம் விடுவது என்று தீர்மானிப்பது ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழந்தைகள் நலக் குழு. பாட்டி வீடோ சித்தி வீடோ பாதுகாப்பானது என்றால் அதை அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

1098இன் எல்லை அம்மாவிடம் வந்து நின்றுவிடுகிறது. அவருக்கு வேண்டியது பெண்களுக்கான உதவி எண் 181, அல்லது மாவட்டப் பாதுகாப்பு அலுவலர். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் அந்த அலுவலரிடம் யார் வேண்டுமானாலும் தகவல் சொல்லலாம், நீங்களும்தான். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்கு வராது. அடிப்பவரை உடனே சிறைக்கு அனுப்பும் சட்டம் இது என்ற எண்ணம் தவறு. அம்மாவை நெருங்கக் கூடாது, வீட்டை விட்டு விரட்டக் கூடாது என்று மாஜிஸ்ட்ரேட் உத்தரவு போடுவார். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். "அப்பாவை ஜெயிலில் போட்டுவிடுவார்கள்" என்று வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்வதில்லை.

தூக்கமில்லை, படிப்பில் மனம் நிற்கவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். அதுவும் இலவசம், தமிழில் பேசலாம், 18 தாண்டியவர்களும் அழைக்கலாம்.