கீறல் விழாது என்று சொல்லி ஒட்டிய படலம்: காட்டுப்பாதையில் வண்டி ஓட்டுவோருக்கு ஓர் எச்சரிக்கை

காட்டுப்பாதையிலும் கற்பாதையிலும் ஓட்டுவதற்கென்றே வாங்கிய ஜீப் வகை வண்டி ஒன்றை, முட்புதர்களின் கீறலிலிருந்து காப்பதற்காகப் பாதுகாப்புப் படலம் ஒட்டக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. என்ன செய்தார்கள், அதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன், வண்டியைத் திரும்ப எடுத்த அன்றே கண்டுபிடிக்க என்ன செய்திருக்க வேண்டும் என்பவற்றை மட்டும் எழுதுகிறேன். இதே வேலைக்கு வண்டியை விடவிருக்கும் எவருக்கும் இது நடக்கலாம்.

முதல் நாள் கடைக்காரர் கறுப்பு பெயின்ட் அடித்த தகடு ஒன்றை மேசைமேல் வைத்து, பித்தளைக் கம்பித் தூரிகையால் அதன் பாதியை அழுத்தித் தேய்த்தார். மெல்லிய வெண்கோடுகள் ஏராளமாக விழுந்தன. அவற்றின்மேல் கொதிநீரை ஊற்றியதும் கோடுகள் மங்கத் தொடங்கி, ஒரு நிமிடத்துக்குள் தகடு பழையபடி பளபளத்தது. நான் பார்த்தது கண்கட்டு வித்தையன்று. டிபியு எனப்படும் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன் படலத்தின் மேற்பூச்சு சூடு பட்டால் இளகித் தன் பழைய நிலைக்குத் திரும்பும் என்பதும், மேலோட்டமான கீறல்கள் அதனால் உண்மையாகவே மறையும் என்பதும் சரிதான். மேசைமேல் இருந்த படலம் வேறு, என் வண்டியில் ஒட்டப்பட்ட படலம் வேறு என்பதில்தான் மோசடி இருந்தது.

பானட், முன் மட்கார்டுகள், நான்கு கதவுகள், பின்பக்கவாட்டுத் தகடுகள் ஆகியவற்றுக்குப் படலமும், கூரைக்குச் செராமிக் கோட்டிங் எனும் மெல்லிய பூச்சும் என்று பேசி முடித்தோம். நான்கு நாள் கழித்து வண்டி கண்ணாடிபோல் பளபளத்தபடி வந்தது. அந்தப் பளபளப்பைப் பார்த்த மகிழ்ச்சியில் ஒரு கதவின் விளிம்பைக்கூட விரலால் தடவிப் பார்க்காமல் முழுத் தொகையையும் கொடுத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, வண்டியின் அகலமே உள்ள ஒரு பாதையில், இருபுறமும் காய்ந்த கிளைகள் கிறீச்சிட்டு உரச ஏறத்தாழ அரை மணி நேரம் ஓட்டினேன். வீட்டுக்கு வந்து சேற்றைக் கழுவியபோது முன்கதவிலிருந்து பின்பக்கம்வரை நீளநீளமான கோடுகள் தெரிந்தன. எனக்கு அப்போதும் கவலை இல்லை. வெந்நீர் கொண்டுவந்து முன்கதவில் ஊற்றினேன். ஒரு கோடுகூட மறையவில்லை. பின்கதவில் ஊற்றிவிட்டு நகத்தை மெதுவாக ஓட்டினேன். கோட்டில் நகம் தடுக்கி நின்றது. நகம் தடுக்கும் அளவுக்கு ஆழமான கீறல் பாலிஷுக்குப் பெரும்பாலும் அடங்காது. அதன்பின் கதவைத் திறந்து விளிம்பைப் பார்த்தேன். முன்கதவில் படலம் முடியும் இடம் மெல்லிய படியாகத் தட்டுப்பட்டது. பின்கதவில் எங்கே தடவியும் அப்படியொரு விளிம்பே இல்லை.

மறுநாள் வேறொரு கைவினைஞரிடம் போனேன். அவரிடம் பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி இருந்தது. இரும்புத் தகட்டில் காந்தத் தூண்டலாலும், அலுமினியத் தகட்டில் சுழல் மின்னோட்டத்தாலும், உலோகத்துக்குமேல் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பூச்சு இருக்கிறது என்று அது சொல்லிவிடும். பிளாஸ்டிக் பம்பரில் மட்டும் சாதாரணக் கருவி வேலை செய்யாது. கூரையில் 121 காட்டியது. முன்கதவில் 290. பின்கதவில் 118. பின்பக்கவாட்டுத் தகடுகளிலும் அதே அளவுதான். பிபிஎஃப், அதாவது பெயின்ட் பாதுகாப்புப் படலம், என்று விற்கப்படும் தரமான படலம் பொதுவாக 150 முதல் 200 மைக்ரான் தடிமன் உடையது. அது ஒட்டியிருந்தால் அந்த அளவு கூடிக் காட்டியே ஆக வேண்டும். என் வண்டியின் பின்பாதியில் படலமே ஒட்டப்படவில்லை. செராமிக் கோட்டிங்கை மட்டும் தடவிப் பளபளப்பாக்கி, படலத்துக்கான பணத்தை வாங்கியிருக்கிறார்கள்.

செராமிக் கோட்டிங் என்பது ஓரிரு மைக்ரான் தடிமனுள்ள பூச்சு. மனிதத் தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு மெல்லியது என்பது புரியும். தண்ணீர் முத்துமுத்தாக உருண்டோடுவதற்கும், சேறு எளிதில் கழன்று வருவதற்கும் அது நல்ல பூச்சுதான். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் புட்டியில் 9எச் என்று போட்டிருப்பதைக் காட்டி, வைரத்துக்கு அடுத்த கடினம் என்று என்னிடம் சொன்னார்கள். அது தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோல் அன்று. வெவ்வேறு கடினமுள்ள பென்சில்களைப் பூச்சின்மேல் அழுத்தி நகர்த்தி, எந்தப் பென்சில் தடம் பதிக்கிறது என்று பார்க்கும் சோதனையின் குறியீடு அது. காய்ந்த முட்கிளைக்கும் அந்தச் சோதனைக்கும் தொடர்பே இல்லை.

முன்பாதியில் இருந்த படலத்தைக் கழற்றியபோதுதான் பெரிய சேதம் தெரிந்தது. படலம் டிபியு அன்று, பிவிசி பிளாஸ்டிக் வகை. இழுத்தால் ரப்பர்போல் மீளாமல் துண்டுதுண்டாகக் கிழிந்தது, அதற்குள் ஓரங்களில் மஞ்சள் ஏறியிருந்தது, பசை பெயின்டிலேயே தங்கிவிட்டது. அந்தப் பசையை மணிக்கணக்கில் துடைத்தெடுத்த பிறகு, கதவின் ஓரத்தை ஒட்டியும், கைப்பிடியைச் சுற்றியும், முன்விளக்கின் வளைவிலும், முடியளவு மெல்லிய நேர்த்தியான கோடுகள் தெரிந்தன. எந்தக் கிளையும் அவ்வளவு ஒழுங்காகக் கீறாது. படலத்தை வண்டியின் மேலேயே வைத்துப் பிளேடால் வெட்டியிருக்கிறார்கள். பெயின்டின் நிறத்துக்கு மேலிருக்கும் கிளியர் கோட் எனும் நிறமற்ற பூச்சு பொதுவாக 40, 50 மைக்ரான்தான். கை சற்றே அழுத்தினாலும் பிளேடு அதைத் தாண்டி உள்ளே இறங்கிவிடும். கைப்பிடியின் கீழே ஓரிடத்தில் நிறத்துக்கு அடியிலுள்ள பிரைமர் பூச்சுவரை இறங்கியிருந்தது. கீறலைத் தடுப்பதற்காக நான் செய்த வேலையே என் வண்டியின் மிக ஆழமான கீறல்களைப் போட்டிருந்தது என்பதைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போதும் மறக்க முடியவில்லை.

கடைக்காரரிடம் போனபோது வாரன்டி அட்டையைத் திருப்பிக் காட்டினார். செடிகொடிகள் உரசுவதால் ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. எந்த வேலைக்கு வண்டியைப் பயன்படுத்துகிறேன் என்பதை முதல் நாளே விளக்கிச் சொல்லியிருந்தேன். படலமே ஒட்டாத பின்பாதியைப் பற்றிக் கேட்டதற்கு, ஒட்டியதாகவும் நான்தான் கழற்றியிருப்பேன் என்றும் சொன்னார். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவு என்னிடம் இல்லை. அட்டையில் படலச் சுருளின் எண்ணும் இல்லை. என்னால் எதையும் நிறுவ முடியவில்லை.

ஆகவே வண்டியைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு தகட்டிலும் தடிமனை அளந்து, கருவியின் திரையோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். வேலை முடிந்ததும் அதே இடங்களில் மறுபடி அளந்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள். படலத்துக்கு முன் பாலிஷ் போடும் சாக்கில் கிளியர் கோட்டை அதிகமாகத் தேய்த்துவிடுவார்கள் என்பதால், கோட்டிங் மட்டும் போடும் இடங்களையும் விடாமல் அளக்க வேண்டும். சுருளை உங்கள் கண்முன் பெட்டியிலிருந்து எடுக்கச் சொல்லி, அதன் எண்ணை ரசீதில் எழுதி வாங்குங்கள். ஒட்டி மிஞ்சிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குவது இன்னும் நல்லது. இழுத்துவிட்டால் பெருமளவு பழைய அளவுக்குத் திரும்புகிறதா, லேசாகக் கீறி வெந்நீர் ஊற்றினால் கோடு மறைகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கணினி வடிவத்தை வைத்து இயந்திரத்தில் முன்னதாகவே வெட்டிய படலமா, வண்டியின்மேல் வெட்டப்போகிறார்களா என்று கேளுங்கள். மேலேயே வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், பிளேடு இல்லாமல் உள்ளிருக்கும் நூலை இழுத்து வெட்டும் நாடா இருக்கிறது. அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

நல்ல டிபியு படலமும் முறிந்த கட்டையோ பாறை முனையோ குத்தினால் கிழியும். ஆனால் கிழிவது படலம், பெயின்ட் அன்று. அந்தத் துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இதற்கு மாற்றாகக் காந்தத் தகடுகளை ஒட்டிக்கொள்வோரும் உண்டு. உள்ளே புழுதி புகுந்தால் அதுவே உப்புத்தாளாக மாறித் தேய்த்துவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவப் பொறுமை உள்ளவர்களுக்கே அது பொருந்தும்.

என் வண்டியின் பின்கதவுகளில் இப்போது சரியான படலம் ஒட்டியாகிவிட்டது. ஒட்டிய பின் கருவி 305 காட்டியது. பிளேடு பிரைமர்வரை இறங்கிய முன்கதவை மட்டும் புதிதாக பெயின்ட் அடிக்க வேண்டியிருந்தது. புதுப் பூச்சிலிருந்து கரைப்பான் முழுதும் ஆவியாகும் முன் படலம் ஒட்டினால் பின்னால் அது பெயின்டையே உரித்துக்கொண்டு வரும் என்பதால், அந்தக் கதவு இன்னும் சில வாரம் வெறுமையாகவே இருக்கும். அதுவரை வண்டி தார்ச்சாலையில் மட்டும் ஓடுகிறது.