ஏற்காட்டில் மட்டும் ஒழுகிய கூலண்ட்

என்னிடம் இருப்பது 2007 மாடல் பெட்ரோல் கார். 2015இல் பழைய வண்டியாக வாங்கினேன். இப்போது 1,46,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப் போவதில்லை. இந்தக் கோளாறு கம்பெனி செய்ததல்ல, வயது செய்தது.

வீடு சேலம் கன்னங்குறிச்சி. மாமனார் வீடு ஏற்காட்டில், நாகலூர் போகும் வழியில். மாதம் இரண்டு தடவையாவது அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கியாக வேண்டும்.

2022 நவம்பரில் ஒரு நாள் போனட்டைத் திறந்தபோது ரிசர்வ் டேங்கில் கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், குறைந்திருந்தது. அரை டம்ளர் ஊற்றிவிட்டு மறந்துவிட்டேன். மூன்று வாரத்தில் மறுபடியும் அதே கதை. ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வைத்துப் பார்த்தேன். காலையில் ஒரு சொட்டு ஈரமில்லை. வீட்டுக்காரி தினமும் அந்த அட்டையை எடுத்து மடித்து வைத்ததுதான் மிச்சம்.

கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு பட்டறையில் காட்டினேன். "மலை ஏர்றீங்கல்லண்ணா, இரண்டாவது கியர்லயே போட்டு மிதிச்சா இன்ஜின் சூடாகத்தான் செய்யும். பிரஷர்ல தள்ளிரும்" என்றார் மெக்கானிக். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஹோஸ், கிளாம்ப், ரேடியேட்டர் மூடி எல்லாம் மாற்றினோம். மூடியை மாற்றியதில் வருத்தமில்லை. அதிலிருக்கும் ஸ்பிரிங்தான் உள்ளே பிரஷரைப் பிடித்து வைக்கிறது. பாதி தண்ணீர், பாதி கூலண்ட் கலவை சாதாரணமாக 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். மூடி சரியாக இருந்தால் அதற்கு மேலும் தாங்கும். ஆனால் கசிவு நிற்கவில்லை.

2023 பிப்ரவரியில் ரேடியேட்டரே மாறியது. அலுமினியக் கூடும் பிளாஸ்டிக் டேங்கும் சேரும் மடிப்பில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது, அதுதான் காரணம் என்றார்கள். 3,400 ரூபாய். மார்ச்சிலிருந்து அளவு இம்மி குறையவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் அந்த ரேடியேட்டரைப் பற்றிப் பெருமை பேசினேன்.

நவம்பர் வந்தது. கூலண்ட் மறுபடி குறைந்தது.

இந்த முறை வேறு பட்டறை. அவர் ஐந்து நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "ஹெட் கேஸ்கட் போச்சு சார். இறக்கிரலாம், பதினெட்டாயிரம் ஆகும்." இன்ஜினின் மேல் பாகத்துக்கும் அடிப் பாகத்துக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகட்டைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஹெட் கேஸ்கட் போயிருந்தால் இன்ஜின் ஆயில் மூடிக்கடியில் பால் கலந்த மாதிரி ஏடு படியும், ரேடியேட்டரில் குமிழி விடாமல் வரும், சைலன்ஸரிலிருந்து வெள்ளைப் புகை இனிப்பு வாசனையோடு வரும். மூன்றும் இல்லை. ஆயில் தேன் மாதிரி சுத்தமாக இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

இடையில் ஒருவர் மஞ்சள் தூள் போடச் சொன்னார். ரேடியேட்டரில் ஒரு பிடி மஞ்சள் தூள் போட்டால் ஓட்டை அடைபடும் என்பது லாரிக்காரர்களின் பழைய வைத்தியம். நடுவழியில் நின்றால் ஊர் வந்து சேர உதவலாம். ஆனால் ஓட்டையை அடைக்கிற பொருளுக்கு ஓட்டை எது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய் எது என்று தெரியாது. நம் போர்வெல் தண்ணீரும் அப்படித்தான், உப்புப் படிந்து குழாயை அடைக்கும். மாக்னசைட் என்ற வெள்ளைத் தாதுக்கல் வெட்டுகிற ஊர் இது. பக்கெட் ஹீட்டர் கம்பியில் படியும் வெள்ளையைப் பார்த்தவர்கள் அந்தத் தண்ணீரை இன்ஜினுக்குள் ஊற்ற மாட்டார்கள். டிஸ்டில்டு வாட்டர் விலை ஒன்றும் அதிகமில்லை.

அப்புறம்தான் ஒரு நோட்டுப் போட்டேன். இதை முதல் மாதமே செய்திருக்க வேண்டும். ரிசர்வ் டேங்கில் மார்க்கரால் கோடு, தினமும் காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது பார்த்துத் தேதியோடு எழுதுவது. கூடவே ரேடியேட்டர் மூடியையும் திறந்து பார்த்தேன். சூட்டில் மட்டும் அந்த மூடியில் கை வைக்காதீர்கள், முகம் வெந்துவிடும். உள்ளே எங்காவது காற்று புகுந்தால் இன்ஜின் ஆறும்போது ரிசர்விலிருந்து கூலண்டை இழுக்காமல் காற்றை இழுத்துக்கொள்ளும். ரிசர்வ் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். எனக்கு இரண்டு தடவை அப்படி நடந்தது.

ஆறு வாரம் எழுதியதைப் புரட்டிப் பார்த்தால் ஒன்று கண்ணில் பட்டது. காலையில் ஏறி மாலையில் இறங்கிய நாட்களில் குறையவே இல்லை. ராத்திரி அங்கே தங்கிய நாட்களில் மட்டும் குறைந்திருக்கிறது. ஏறும்போது உள்ள சூடுதான் காரணம் என்றால் இரண்டிலும் குறைய வேண்டுமே? டிசம்பர், ஜனவரியில் ஏற்காட்டில் விடிகாலை 12, 13 டிகிரிக்கு இறங்கும். சேலத்தில் அந்தக் குளிர் கிடையாது. வெயில் காலத்தில் ரேடியேட்டர் 'சரியானது' ஏன் என்றும் அப்போதுதான் புரிந்தது. நாங்கள் எல்லோரும் சூட்டில் தேடிக்கொண்டிருந்தோம். வண்டி குளிரில் ஒழுகியிருக்கிறது.

முதல் பட்டறை மெக்கானிக்கிடமே போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார், ஆனால் பிரஷர் டெஸ்டரை இரவல் கொடுத்தார். மூடி இருக்கும் இடத்தில் மாட்டிக் கையால் அடிக்கும் சின்னப் பம்ப், மேலே ஒரு மீட்டர். முன்பு அவர் இதே டெஸ்டரைப் பட்டறையில், வண்டி ஓடி வந்த சூட்டில் போட்டபோது முள் இருபது நிமிஷம் அசையவில்லை. கூலண்டில் கலக்கும் ஒளிரும் சாயமும், ரூபாய் நோட்டு சரிபார்க்கும் நீல விளக்கு மாதிரி ஒரு யூவி டார்ச்சும் வாங்கினேன். சாயத்தைக் கலந்து பத்து நாள் ஓட்டினேன்.

2024 ஜனவரி, மாமனார் வீட்டு வாசல், காலை ஐந்தரை. பனி. காதில் மப்ளர் கட்டிக்கொண்டு டெஸ்டரை மாட்டி, மூடியில் அச்சடித்திருந்த 0.9 பார் வரைக்கும் அடித்தேன். நாலு நிமிஷத்தில் முள் 0.7க்கு வந்துவிட்டது. "என்ன மாப்ளே, வண்டிக்கு பிபி பாக்கறீங்களா?" என்று மாமனார் காபியோடு வந்தார். டார்ச்சை அவர் கையில் கொடுத்து இன்ஜினுக்குப் பின்பக்கம் அடிக்கச் சொன்னேன். கியர்பாக்ஸ் மேட்டில் பச்சையாக ஒரு கோடு மின்னியது.

வாட்டர் பம்புக்கு இன்ஜின் பின்னால் போகும் இரும்புக் குழாய். அது பம்பில் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் ஓ ரிங். பதினேழு வருஷத்தில் இறுகிப் பிளாஸ்டிக் போல ஆகியிருந்தது. சூட்டில் அந்த ரப்பர் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. குளிரில் சுருங்கும்போது மயிரிழை வழி விடுகிறது. கசிந்ததும் கியர்பாக்ஸ் மேலேயே தங்கி, வண்டி ஓட ஆரம்பித்ததும் உலர்ந்துவிடும். அட்டைக்கு எப்படி வந்து சேரும்?

ஓ ரிங் 40 ரூபாய். மேலேயுள்ளதைக் கழற்றி மாட்ட, குழாயின் துருவைச் சுரண்ட, புதுக் கூலண்ட் ஊற்றிக் காற்றெடுக்க என்று மொத்தம் 2,600 ஆனது. கழற்றிய கூலண்டைச் சாக்கடையில் விடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் தெருநாய் நக்கும், அது விஷம்.

அதற்குப் பிறகு ஒரு முழுக் குளிர்காலம் தாண்டியாயிற்று. ஏற்காட்டில் பதினோரு ராத்திரி தங்கியிருக்கிறேன், நோட்டில் பதினோரு தடவையும் கோடு அதே இடத்தில். பழைய ரேடியேட்டரை எடைக்குப் போட்டுவிட்டேன். நன்றாகவே இருந்திருக்கும் போல. கொண்டலாம்பட்டிக்காரர் இப்போது குளிரிலும் ஒரு தடவை டெஸ்டர் போட்டுப் பார்க்கிறாராம், வண்டியை ராத்திரி விட்டுப் போகச் சொல்லி.