சானி கணவாய்க்கு ஒரு பைக்கா, இரண்டு பைக்கா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கிளம்பி, எல்லை மலைப்பாதையான சானி கணவாய் ஏறி, பக்கத்து நாடான லெசோத்தோ வழியாக கிளாரென்ஸ் இறங்கி, ஹாரிஸ்மித் பக்கமாக வீடு திரும்பும் வட்டம் ஏறத்தாழ 900 கிலோமீட்டர். நாங்கள் இரண்டு முறை போய் வந்துவிட்டோம். முதல் தடவை ஒரே பைக்; என் வீட்டுக்காரர் ஓட்ட, நான் பின்சீட்டில். இரண்டாவது தடவை ஆளுக்கொரு பைக். ஈஸ்டரில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்த கையோடு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டுப் புறப்பட்டோம். டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்களைப் போன்ற ஜோடிகள் எது நல்லது என்று கேட்கிறார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த மலையில் இனி நான் பின்சீட்டில் உட்கார மாட்டேன்.

செலவு பார்த்தால் ஒரே பைக்தான். முதல் தடவை போன பெரிய பைக் 45 லிட்டர் பெட்ரோல் குடித்தது, இரண்டாவது தடவை போன சின்ன பைக் இரண்டும் சேர்ந்து 60. டயர், செயின், எல்லையில் காட்டும் காகிதம் எல்லாமே இரண்டு மடங்கு. 125 சிசிக்கு மேல் ஓட்ட வேண்டும் என்பதால் நானும் பெரிய பைக்குக்கான கோட் ஏ லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. பேச்சுத்துணையில் வித்தியாசம் இல்லை, ஹெல்மெட்டில் இன்டர்காம் இருக்கிறது.

சரி, விஷயம் எடையில் இருக்கிறது. எங்கள் பழைய பைக் 1250 சிசி, டேங்க் நிறைத்தால் 249 கிலோ. நாங்கள் இருவரும் பெட்டிகளும் ஏறினால் 430-ஐத் தொடும். ஹோவிக் தாண்டி அண்டர்பெர்க் வரை தார்ச்சாலையில் அது பஞ்சு மெத்தைதான். தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடிக்கு மேலே இருக்கும் 8 கிலோமீட்டர் வேறு உலகம். சரளை, உருளும் கல், அடுக்கடுக்காகக் கொண்டை ஊசி வளைவு. காரென்றால் ஃபோர் வீல் டிரைவ் இல்லாமல் விடவே மாட்டார்கள். செங்குத்தான ஏற்றத்தில் பாரம் முழுக்கப் பின்சக்கரத்தில் இறங்குகிறது. அங்கே ஏற்கெனவே நானும் என் பின்னால் பெட்டியும். முன்சக்கரம் லேசாகி, ஹேண்டிலைத் திருப்பினாலும் நேராகவே போகப் பார்க்கும். தனியாக ஓட்டினால் எழுந்து நின்று உடம்பை முன்னால் சாய்க்கலாம். பின்னால் ஆளை வைத்துக்கொண்டு இவரால் அது முடியவில்லை.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு வளைவில் எங்கள் வண்டி நின்றது. இவர் கால் ஊன்றிய இடத்தில் கல் நழுவ, மெதுவாக, படுக்கப் போகிற மாடு மாதிரி சாய்ந்தது. அடி எதுவும் இல்லை. ஆனால் ஹேண்டில் பள்ளத்தைப் பார்த்து விழுந்திருந்தது. பெட்டிகளைக் கழற்றி இருவரும் மூன்று முறை தூக்கிப் பார்த்தோம். பெட்ரோல் சொட்டிக் கல்லில் கறுப்பாகப் பரவுவதைப் பார்த்துக்கொண்டு, எல்லை மூடிவிடுவார்களோ என்ற பயத்தோடு நாற்பது நிமிடம் நின்றோம். போர்வை போர்த்திய மேய்ப்பர் பையன் ஒருவனும், சுற்றுலா ஜீப் ஓட்டுநர் ஒருவரும் கை கொடுத்த பிறகுதான் வண்டி எழுந்தது.

அந்தப் பைக்கை விற்று, ஒரே ரகத்தில் இரண்டு வாங்கினோம்: ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411. ஒன்று 199 கிலோ, சீட் 800 மில்லிமீட்டர் உயரம். என் இரண்டு காலும் தரையில் பதிகிறது. டியூப், கிளட்ச் கேபிள், லீவர், பழுது பார்க்கும் கருவிகள் எல்லாம் ஒரு செட் இருந்தால் இரண்டுக்கும் ஆகும். இரண்டாவது பயணத்தில் அதே 8 கிலோமீட்டரில் நான் இரண்டு முறை விழுந்தேன். இரண்டு முறையும் இவர் வந்து ஒரு கை பிடிக்க, ஒரே நிமிடத்தில் வண்டி நிமிர்ந்துவிட்டது. 2,876 மீட்டர் உச்சியில் ஹெல்மெட்டைக் கழற்றி, வீட்டிலிருந்து கொண்டுபோன உருளைக்கிழங்குக் கறி வைத்துச் சுருட்டிய ரொட்டியைத் தின்றபோது என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. முதல் தடவை அதே இடத்தில் இவருடைய முதுகைத் தவிர நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை.

சின்ன பைக்கின் குறையையும் சொல்ல வேண்டும். இருப்பதே 24 குதிரைத்திறன். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு சக்தி குறையும். லெசோத்தோவில் மொகோட்லோங் ஊர் தாண்டி 3,222 மீட்டர் மாஹ்லாசேலா கணவாயில் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டுதான் ஏறியது. திரும்பும்போது என்3 நெடுஞ்சாலையில், வான் ரீனென் கணவாய் இறக்கத்தில், பின்னாலிருந்து லாரிகள் நெருக்கும்போது வயிற்றைக் கலக்கியது. அங்கே பெரிய பைக் இருந்தால் நிம்மதி.

இரண்டு முறையும் எங்களுக்கு நல்ல வெயில். ஜூன், ஜூலை பனியிலோ, கோடைக்கால மதிய இடிமழையிலோ அந்தச் சரளையில் நான் ஓட்டியதில்லை; அதற்கு என் பேச்சை நம்ப வேண்டாம். சானி பக்கம் போகாமல் ஹாரிஸ்மித், கோல்டன் கேட் தேசியப் பூங்கா, கிளாரென்ஸ் என்று தார்ச்சாலையில் மட்டும் சனி ஞாயிறு சுற்றுவதென்றால், அப்போது ஒரே பைக் போதும். மாலை வெயிலில் பாறைகள் பொன்னாக மாறுவதைப் பின்சீட்டில் உட்கார்ந்து நன்றாகப் பார்க்கலாம்.